ஏ.டி.எம். கார்டு யார் கையில்?

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியிலோ துக்க வீட்டுப் பந்தலிலோ நாலு பெரியவர்கள் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும்: "கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான் பொம்பளைங்க கெட்டாங்க." ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் இந்த வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறாது. கம்பெனி என்றால் ஷூ கம்பெனி. தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டதற்கு 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதி, கெடுத்தவர்களே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் இதே பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பெண்கள் கெட்ட வழக்கில் மட்டும் வாய்தாவே கிடையாது. உடனடித் தீர்ப்பு.

நான் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில் உள்ள ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். அதற்கு ஜோடிக்குச் சில ரூபாய்தான். தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் நிற்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். என் அம்மா பீடி சுற்றியவர். அதனால் இந்த "கெட்டுப்போன" பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ தமிழ்ப் பாடநூலின் மூன்றாம் இயல் குடும்பத்தைப் பற்றியது. பக்தவத்சல பாரதியின் 'தமிழர் குடும்ப முறை' உரைநடையாக இருக்கிறது, பூமணியின் 'உரிமைத் தாகம்' துணைப்பாடமாக இருக்கிறது. இரண்டுமே நல்ல பாடங்கள். பூமணியின் கதையில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல், அடகுக்குப் போன நிலம், அதை மீட்கப் போகும்போது மறுபடி ஊறிவருகிற பாசம். கரிசல் காட்டுக் குடும்பம் நிலத்தைச் சுற்றி நிற்கிறது. நடத்தி முடித்தபோது கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "எங்கூட்ல நெலமே இல்ல மிஸ். அடகு வெச்சது எங்கம்மா தோடுதான்." வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. அந்தத் தோட்டை மீட்கப்போவது யார், யார் சம்பளத்தில், மீட்ட பிறகு அது யார் பெட்டிக்குள் போகும் என்பதற்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது. அதைத் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேடியதில் எனக்குப் பட்டது இதுதான். நம் சிறுகதை நூறு ஆண்டுகளாகக் குடும்பத்தின் ஒழுக்கத்தைப் பெரும்பாலும் பெண்ணின் உடம்பை வைத்தே அளந்து வந்திருக்கிறது. அவள் போனாளா, தொட்டானா, ஏற்றார்களா, தள்ளினார்களா என்பதே கேள்வி. தோல் தொழில் நடக்கிற எங்கள் ஊர்களில் அந்தக் கேள்வி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதைவிட முரட்டுத்தனமான இன்னொரு கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சம்பளம் விழுகிற கார்டு யார் கையில்? இதுதான் இன்றைக்கு எங்கள் வீடுகளின் அறக்கேள்வி. கதைகள் இன்னும் அதன் பக்கம் சரியாகத் திரும்பவில்லை.

கேள்வி எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேனரி வேலை ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண்களுடையது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களும், ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலைப் புரட்டியவர்களும், பின்னாளில் குரோம் டிரம்மில் தோலை ஏற்றி இறக்கியவர்களும் அவர்களே. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்ததையொட்டி மத்திய அரசு பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே கப்பலேற்றுவதற்குக் கடிவாளம் போட்டது. தோலை இங்கேயே முழுசாகப் பதப்படுத்து, ஷூவாக்கு, பையாக்கு, பிறகு அனுப்பு என்பது கொள்கை. அதன் பின்னால்தான் ஷூ கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஷூ தைக்கப் பொறுமையான கை வேண்டும், கூலியும் குறைவாக இருக்க வேண்டும் என்று பெண்களைக் கூப்பிட்டார்கள். டெல்லியில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு, மாதனூர்ப் பக்கம் ஒரு மாமியார் மருமகள் உறவில் தான் கை வைக்கிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மாமியார் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் 'வீட்டோட மாப்பிள்ளை' என்றால் கேலி. இப்போது எங்கள் தெருவிலேயே மாமியார் வீட்டில் மனைவி பிள்ளைகளோடு குடியிருக்கிற மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கேலி செய்ய ஆளில்லை. காரணம் எளியது. பெண் கம்பெனிக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளைப் பெற்றவள் வேண்டும். கம்பெனி பஸ்ஸும் அந்த வாசலில்தான் நிற்கிறது. சங்க காலத்துத் தாய்வழிக் குடும்பத்தைப் பற்றி பக்தவத்சல பாரதி எழுதியதை நடத்தும்போது பிள்ளைகளுக்கு அது பழங்கதையாகவே தோன்றுவதில்லை.

இனி கதைகளுக்கு வருகிறேன். புதுமைப்பித்தன் 1934இல் மணிக்கொடியில் 'பொன்னகரம்' எழுதினார். அம்மாளு மில் கூலி. குதிரைவண்டி ஓட்டுகிற புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். அவளிடம் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவனோடு போய்க் காசோடு வருகிறாள். கற்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களை நோக்கிக் கதை கடைசியில் ஒரு அறை அறைகிறது. பேராசிரியர்கள் அந்த அறையைப் பற்றியே எழுதிக் குவித்தார்கள். எனக்கு அந்தக் கதையில் அறையைவிட முக்கியமாகப் படுவது அம்மாளு மில்லில் வேலை பார்க்கிறாள் என்பது. தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே தமிழ்ச் சிறுகதையில் ஒரு தொழிலாளிப் பெண்ணின் கூலி வீட்டுக்குப் போதவில்லை. மில்காரன் ஏன் அவ்வளவுதான் கொடுத்தான் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அவள் சந்துக்குள் போனது சரியா தப்பா என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

பிறகு ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது ஊரே இரண்டுபட்டது என்பார்கள். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், பெரிய காரில் வந்தவன், அப்புறம் நடந்தது. வீடு திரும்பியவளை முதலில் அடித்துக் கத்துகிற அம்மா, அக்கம்பக்கம் எட்டிப்பார்ப்பதற்குள் சுதாரித்துக்கொண்டு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, எல்லாம் போய்விட்டது, நீ சுத்தம் என்கிறாள். கண்டனங்கள் குவிந்தன. ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் கங்காவின் பாழாய்ப்போன வாழ்க்கையைக் காட்டினார். அந்த நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் 'அக்கினிப் பிரவேசம்' எழுதுகிறார். 1972இல் சாகித்ய அகாதமி விருது, 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படம், லட்சுமிக்குத் தேசிய விருது. எல்லாம் தெரிந்த கதை.

'அக்கினிப் பிரவேசம்' கதையை ஒரு ஓய்வுப் பாடவேளையில் படித்துக் காட்டினேன். சில நாள் கழித்து ஒரு பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தார். இந்த மாதிரிக் கதையெல்லாம் எதற்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டிச்சிங் லைனில் இருப்பவர், கம்பெனி சேலையோடு பெர்மிஷன் போட்டு வந்திருந்தார். ஃபீஸ் விஷயமாக வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "அந்தக் கதைய எம்பொண்ணு ராத்திரி படிச்சுக் காட்னா டீச்சர். அந்தம்மா செஞ்சது கரெக்ட்டு. ஆனா மறுநா அந்தப் பொண்ணு காலேஜுக்கு எந்த பஸ்ல போச்சு? அத எழுதலயே அவுரு." எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு விமர்சனத்தை நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் நடந்த சுத்திகரிப்பு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மறுநாள் அதே பஸ் நிறுத்தத்தில் அதே மழைக்காலத்தில் போய் நிற்க வேண்டிய பெண்ணைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார். தினமும் இருட்டுக்குப் பிறகு ஓ.டி. முடிந்து இறங்குகிறவருக்கு வேறு எதைப் பற்றிக் கவலை வரும்?

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் ராஜஸ்தான் பக்கத்துப் பெரிய வீடு. வீட்டு மூத்தவள் மருமகளுக்குத் தன் அனுபவத்தை ரகசியமாகச் சொல்லித் தருகிறாள்: சமையலறையைக் கையில் வைத்துக்கொள், அதிகாரம் அங்கே இருக்கிறது. அந்த அதிகாரம் எவ்வளவு அற்பம் என்று கதை நமக்குக் காட்டிவிடுகிறது. எங்கள் ஊரில் அந்தச் சமையலறைப் பிடியும் தளர்ந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு மருமகள் சோறு வடித்து டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுப் போனால், பகல் முழுக்க அடுப்பு மாமியார் பொறுப்பு. யாருக்கும் அது அதிகாரமாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் மண்ணிலேயே எழுத்து இல்லையா என்றால், இருக்கிறது. மு.வ. இந்தப் பக்கத்துக்காரர், திருப்பத்தூரில் குமாஸ்தாவாகவும் ஆசிரியராகவும் இருந்தவர். 1961இல் சாகித்ய அகாதமி பெற்ற அவருடைய 'அகல் விளக்கு' வாலாஜாப்பேட்டையில் தொடங்குகிறது. அடங்கி ஒழுகியவன் நிலைக்கிறான், மனம்போன போக்கில் அலைந்தவன் அழிகிறான். என் தலைமுறை ஆசிரியர்களுக்கு ஒழுக்கம் என்பதற்கு அதுதான் இலக்கணம். அந்த நாவலைப் படித்துத்தான் நானும் தமிழ் எடுத்துப் படித்தேன், அவர்மேல் மரியாதை குறையாது. ஆனால் தனிமனிதன் தன்னைக் கட்டிக்காத்தால் போதும் என்ற அவருடைய கணக்கு, எட்டு மணி நேரம் நின்றபடி பீஸ் எண்ணுகிற பெண்ணின் வாழ்க்கைக்கு ஒத்துவருவதில்லை. பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டவர். 'தீட்டு', 'நெரிக்கட்டு' தொகுப்புகளிலும் 'தகப்பன் கொடி' நாவலிலும் இந்தப் பகுதியின் சேரி மனிதர்கள் வருகிறார்கள். ஊர்த்தெருவில் காலணியோடு நடக்கத் துணிகிற ஒருவனைப் பற்றிய அவருடைய 'குறடு' கதை 'நடந்த கதை' என்று குறும்படமாகவும் வந்தது. ஐரோப்பாவுக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர்களிலிருந்து இப்படி ஒரு கதை வருகிறது என்பதை ஆம்பூர்க்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொன்னையாற்றங்கரை கிராமங்களைக் கவிப்பித்தன் எழுதிவருகிறார். இவர்கள் இருவரும் இல்லாவிட்டால் எங்கள் வட்டாரப் பேச்சு அச்சில் ஏறியிருக்காது.

உருது பேசுகிற வீடுகளின் கதை இன்னும் குறைவு. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தக்கினி பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுதுகிறவர்கள். ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக் அப்படித்தான், வீட்டில் தக்கினி, எழுத்து கன்னடம். 2025இல் தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த 'ஹார்ட் லேம்ப்' தொகுப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு போனது அதுதான் முதல்முறை. பெண் குழந்தைகளாகப் பெற்றாள் என்று புருஷன் கைவிட்ட ஒருத்தி பள்ளிவாசலில் நியாயம் கேட்டு நிற்கிற அவருடைய கதையைக் கிரீஷ் காசரவள்ளி 2004இல் 'ஹசீனா' என்று படமாக எடுத்தார். பரிசுச் செய்தி வந்த வாரம் இதை வகுப்பில் சொன்னேன். ஒரு பிள்ளை, "நம்ம பாஷை பேசறவங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டாள்.

இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வந்தது. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடச் சொல்லி ஊர் நெருக்குகிறது. தகப்பன் ஒப்புக்கொண்டதுபோல் காட்டி, ராத்திரியில் நகையையும் பணத்தையும் கொடுத்து அவளை அனுப்பிவைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிறான். அதே ஆண்டு நவம்பரில், அப்படி ஒரு காதலையொட்டி, தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. மகள் யாரோடு போவாள் என்பது தகப்பனின் மானம், ஊரின் மானம் என்ற பழைய அளவுகோல் எவ்வளவு உயிர் குடிக்கும் என்று அந்தக் கதை காட்டுகிறது. எங்கள் ஊரிலும் அந்த அளவுகோல் தன் வேலையைக் காட்டியது. 2015 ஜூனில் ஆம்பூரில் கலவரம் நடந்தது. போலீஸ் விசாரணைக்குப் பிறகு ஓர் இளைஞர் இறந்ததில் மூண்ட கலவரம் அது. அந்த விசாரணை, ஒரு பெண் வீட்டைவிட்டுப் போனதை வைத்துத் தொடங்கியது. பத்திரிகைகள் எத்தனை வண்டி எரிந்தது என்று எழுதின, எழுத வேண்டியதுதான். அவள் ஏன் போனாள் என்று கேட்டவர்களோ ஒரே பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சிறுகதைக்காரர் தேவைப்பட்டார். வரவில்லை.

சரி, கார்டு. ஒவ்வொரு மாதமும் சம்பளம் விழுகிற நாளில் எங்கள் பஸ் நிலையத்துப் பக்கத்து ஏ.டி.எம். வரிசையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிற்கிறவர்கள் ஆண்கள். கையில் இருக்கிற கார்டுகளில் பெண்கள் பெயர். பின் நம்பரைக் கார்டு உறையிலேயே பால் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். கார்டின் சொந்தக்காரி அந்த நேரத்தில் கம்பெனி லைனில் நின்றுகொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகளிர் குழுத் தவணைக்குப் பணம் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் டாஸ்மாக்குக்குப் போனது போகத்தான்.

என் மாணவி ஒருத்தியின் வீட்டுத் தெருவில் ஒரு பெண் இதை வேறுமாதிரி தீர்த்தாள். கார்டு தொலைந்துவிட்டது என்று வங்கியில் எழுதிக் கொடுத்து, பழைய கார்டை முடக்கி, போன் நம்பரையும் மாற்றி, புதுக் கார்டு வாங்கிக்கொண்டாள். சம்பளத்தன்று புருஷன் மெஷினில் கார்டைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் ரகளை. மாமியார் தெருவில் நின்று மருமகளைத் திருடி என்றாள். பெரியவர்கள் கூடினார்கள். பொம்பள பொய் சொல்லலாமா, புருஷனை ஏமாற்றலாமா என்பதுதான் பஞ்சாயத்து. அவளுடைய சம்பளம் அது என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

அந்த மாணவி இதைக் கதையாக எழுதிக்கொண்டு வந்தாள். நாலு பக்கம், கோடு போட்ட நோட்டில். அவள் எழுத்தில் பெரியவர்கள் வருவதே இல்லை. வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் அந்தப் பெண் பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்பதும், "காரணம்" என்ற கட்டத்தில் அவன் "தொலைந்துவிட்டது" என்று எழுதும்போது அவள் ஒரு நிமிஷம் அவன் கையைப் பிடித்துக்கொள்வதும்தான் கதையின் நடுப்பகுதி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்தி பொய்யில் கையெழுத்துப் போடுகிற இடம். இதை வகுப்பில் படித்தோம். இது திருட்டா என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். "புருஷங்கிட்ட சொல்லிட்டே மாத்தியிருக்கலாம்" என்றது ஒரு கட்சி. "சொன்னா வுடுவானா?" என்றது இன்னொன்று. வீட்டுக்குத் தெரியாமல் பணம் சேர்ப்பது பாவம் என்று அழுத்தமாகச் சொன்னவள், தன் அம்மா முந்தானையில் முடிந்து வைக்கிற இருநூறு ரூபாயைப் பற்றிப் பேச்சு வந்ததும் மௌனமானாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

என் கருத்தை அவர்களிடம் ஒளிக்கவில்லை. தன் உழைப்பை எடுத்துக்கொள்ள ஒருத்தி பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பொய்க்கு அந்த வீடுதான் பொறுப்பு. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் கணக்குப் பார்க்கட்டும். முன்பு பெண்கள் நேர்மையாக இருந்தார்கள் என்கிறார்கள். முன்பு அவர்களுக்கு மறைக்க என்ன இருந்தது?

கதையைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். மலர்க் குழுவில் படித்துவிட்டு, நடை நன்றாக இருக்கிறது, முடிவு மட்டும் மாணவிகளுக்கு உகந்ததாக இல்லை என்றார்கள். அந்தப் பெண் மனம் வருந்தி, புதுக் கார்டைப் புருஷனிடமே கொடுத்துவிடுவதுபோல் மாற்றித் தந்தால் போடலாமாம். 1966இல் விகடனுக்குக் கடிதம் எழுதியவர்களும் வேறு முடிவைத்தான் கேட்டார்கள் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா தெரியாது. முடிவை மாற்றவில்லை. மலரில் அந்தப் பக்கத்துக்கு ஒரு கோலப் படம் போட்டார்கள்.